போன் மணி அடித்தாலே வயிறு கலங்குகிறது

கேள்வி:

வணக்கம் டாக்டர். டெல்டா மாவட்டம் ஒன்றில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். வயது 34. தொகுப்பூதிய வேலை, ஆறு வருடம் ஆகிறது. குழந்தைத் திருமணம், போக்சோ கேஸ், ஆட்டுக்கிடையில் அடகு வைக்கப்பட்ட பையன்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். ஆரம்பத்தில் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பிள்ளையை மீட்டுக் கொண்டுவந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன்.

நாலு மாதமாகத் தூக்கம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு குழந்தை என்னிடம் சொன்னதும் நான் அறிக்கையில் எழுதியதும் படம்போல ஓடுகின்றன. நான் போயே பார்க்காத அந்த அறைகூடக் கண் முன்னால் வருகிறது. 9 மணிக்கு மேல் போன் மணி அடித்தால் வயிறு கலங்குகிறது. மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.

15 வயதுப் பெண் ஒருத்தி. திருமணத்தை நிறுத்தி, குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜர்படுத்தினோம். பெற்றோர் எழுதிக் கொடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. அடுத்த மாதம் நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வேறு வேலையில் போட்டுவிட்டார்கள், வண்டியும் கிடைக்கவில்லை. தை மாதத்தில் வேறு ஊரில் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். பிறகு அவளைப் பார்த்தபோது, "அக்கா, நீங்க மறுபடி வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

என் மகளுக்கு 7 வயது. பெரியப்பா வீட்டுக்குக்கூட அனுப்ப மாட்டேன் என்கிறேன். அவர் நல்ல மனிதர், சந்தேகப்பட எதுவுமில்லை. ஆனாலும் முடியவில்லை. இதனால் வீட்டில் சண்டை. காரணத்தைக் கணவரிடம் சொல்லவும் முடியாது, ரகசியம் காக்க வேண்டிய வேலை. போன வாரம் ஹோமில் ஒரு பையன் அழுதபோது "சும்மா இருடா" என்று கத்திவிட்டேன். அவன் அழுகையைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சில நாள், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? வேலையை விட்டுவிடலாமா? மனநல டாக்டரிடம் போனால் ஆபீசுக்குத் தெரிந்து, அடுத்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி
(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கேள்வியாகக் கேட்காமல் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது. கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம். அது வந்து வந்து போகிறதா, இல்லை, எப்படி, எங்கே என்று மனம் யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டுக் கணவரிடம் சொல்லுங்கள். இன்றே அவருடன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் வகைதான் என்றாலும் டாக்டரைப் பார்க்கும்போது முதல் ஐந்து நிமிடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவர்கள் பலர் சொல்லாமலே எழுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பையன். அவன் அழுதான், உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். கிள்ளினால்கூடத் தெரியாது. கால் போய்விட்டது என்று யாரும் பயப்படுவதில்லை, பாரம் தாங்காமல் அப்படி ஆகியிருக்கிறது என்று தெரியும். ஆறு வருடம் பிள்ளைகளின் அழுகையைக் கேட்ட உங்கள் மனம், இனிமேல் ஒன்றைக்கூட உள்ளே விட இடமில்லை என்று கதவை அடைத்திருக்கிறது. கதவு உங்களைக் கேட்டுக்கொண்டு அடைபடவில்லை. நீங்கள் கல்நெஞ்சக்காரி இல்லை. அடிபட்டிருக்கிறீர்கள்.

அடிபட்டது என்று நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய் வகைப்பாட்டில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் யாருக்கு வரலாம் என்று சொல்லும் பகுதி உண்டு. நேரடியாகப் பாதிக்கப்பட்டவர், கண்ணால் கண்டவர் ஆகியோருடன், வேலையின் காரணமாகக் கொடுமையின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்கிறவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று, குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளின் விவரங்களை மறுபடி மறுபடி கேட்கும் போலீசார். உங்கள் வேலைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. பெரிய மருத்துவ நூலே உங்கள் வேலைக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுகிறது என்றால், இது உங்கள் மனத்தின் பலவீனமாக எப்படி இருக்க முடியும்?

கேட்பதனாலேயே எப்படிக் காயம் படும் என்று உங்கள் கணவர் கேட்கலாம். ஒரு குழந்தை அரைகுறையாகச் சொல்வதைக் கோவையாக எழுத வேண்டுமானால், அந்த இடத்தை நீங்கள் மனத்துக்குள் கட்டியாக வேண்டும். கதவு எந்தப் பக்கம், அப்போது அம்மா எங்கே இருந்தாள், விளக்கு எரிந்ததா என்று. சமூக விசாரணை அறிக்கை எழுதும்போது நீங்கள் அந்த அறைக்குள் போய்விட்டுத்தான் வருகிறீர்கள். போகாத அறை கண் முன்னால் வருவது அதனால்தான். உங்கள் வீட்டிலும் அதே உயரத்தில் ஒரு பெண் பிள்ளை நடமாடுகிறாள் என்றால், கட்டிய அந்த அறைக்குள் யாருடைய முகம் வந்து நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் வேலைக் களைப்பு என்றால் விடுப்பு எடுத்தால் தணியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதைப் பற்றிப் பேசும்போது, நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட அழுத்தத்தால் வரும் நிலை என்றது. உங்களிடம் அந்தக் களைப்பும் இருக்கிறது. ஆனால் 2 மணி விழிப்பும், படம்போல ஓடுவதும், போன் மணிக்கு உடம்பு பதறுவதும் களைப்பின் கணக்கில் சேராது. அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் ஃபிக்லி 1990-களில் இதை விரிவாக எழுதினார். துன்பப்பட்டவரைத் தாங்கிப் பிடிப்பவருக்கு அந்தத் துன்பத்தின் அறிகுறிகளே வந்து சேர்கின்றன என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். உங்களை நான்கு நாள் கொடைக்கானலுக்கு அனுப்பினால் இது சரியாகாது. அங்கேயும் 2 மணிக்கு விழிப்பு வரும்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 2004-ல் இந்த டெல்டா ஒரே வருடத்தில் இரண்டு முறை பிள்ளைகளைப் பறிகொடுத்தது. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையில் எத்தனை எத்தனையோ பேர். அடுத்த சில மாதங்கள் நான் இளம் மருத்துவராக அங்கே முகாம்களில் இருந்தேன். பிள்ளைகளை வரைய வைத்தோம், தாய்மாரைப் பேச வைத்தோம். கையில் நோட்டுடன் காணாமல்போன குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு குடிசை குடிசையாகப் போன பெண் பணியாளர்களை, "தூங்கினீர்களா" என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர்களில் ஒருவர் தோள்பட்டை வலி என்று வந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நோட்டை இன்னும் பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னார். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரகசியம் என்று எழுதியிருக்கிறீர்களே, என் பார்வையில் உங்கள் வேலையின் மிகக் கடினமான முடிச்சு அதுதான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் போக்சோ சட்டமும் குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது என்கின்றன. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நல்ல பணியாளர்கள் இதைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். குழந்தையின் கதையைச் சொல்லக் கூடாது என்பது, என்னைப் பற்றியே வாய் திறக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறது. நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும் உண்டு, மிஞ்சியது போகும் வடிகாலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் அழுகுவது பெரும்பாலும் வடிகால் தூர்ந்துபோன இடத்தில்தான். உங்களுக்கு வாய்க்கால் மட்டும் ஆறு வருடமாகத் திறந்தே இருக்கிறது.

குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் உங்களைப் பற்றி முழுவதும் சொல்ல முடியும். "இன்றைக்குக் கேட்ட ஒரு விஷயம் என் உடம்பை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள்." இதைக் கணவரிடம் சொல்வதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, கேஸ் இல்லை. மகளை ஏன் அனுப்ப மறுக்கிறீர்கள் என்பதற்கும், "உங்கள் அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, வேலையில் கேட்டதெல்லாம் சேர்ந்து என்னை யாரையுமே நம்ப விடுவதில்லை" என்று சொல்லிவிடுங்கள். இப்போது அவருக்குத் தெரிவதெல்லாம் தன் குடும்பத்தை மனைவி நம்பவில்லை என்பது மட்டும்தான். சண்டை அங்கிருந்துதான் வருகிறது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போனால், பெயர் ஊர் சொல்லாமல் நிகழ்ச்சியையே பேசலாம். அங்கே பேசுவது வெளியே போகாது.

அடுத்து அந்த 15 வயதுப் பெண். "பாத்துக்கிட்டே இருந்தேன்" என்ற வார்த்தைதான் உங்களை 2 மணிக்கு எழுப்புகிறது என்று நினைக்கிறேன். இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. சரியானது எது என்று தெரிந்து, அதைச் செய்ய முடியாமல் போனவருக்கு வரும் வேதனை இது. "உன் மேல் தப்பே இல்லை" என்று யாராவது சொன்னால் அது தணியாது. நீங்களே நம்பமாட்டீர்கள்.

அதனால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததன் முழுப் பொறுப்பையும் ஒரு ரூபாய் என்று வைத்து, நூறு காசாகப் பிரியுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் கல்யாணம் வைத்த பெற்றோருக்கு எவ்வளவு? வயது தெரிந்தே தாலி கட்டியவருக்கும் அவர் வீட்டாருக்கும்? பத்திரிகை பார்த்தும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்த ஊர்க்காரர்களுக்கு? மண்டபக்காரருக்கு, சமையல்காரருக்கு? ஒரு மாவட்டத்துக்கு இத்தனை பேர் போதும், ஒரு வண்டி போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு? உங்களை வேறு வேலையில் போட்டவருக்கு? எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக உங்கள் பெயரை எழுதி மிச்சத்தைப் போடுங்கள். முதலில் உங்கள் பெயரில் ஆரம்பித்தால் 80 காசு போட்டுவிடுவீர்கள், வரிசை முக்கியம். கடைசியில் உங்களுக்கு ஐந்து காசோ பத்து காசோ வரும். பூஜ்யம் வராது, வர வேண்டாம். போக முடியவில்லை என்றபோது ஒரு போனாவது செய்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பத்து காசு உங்களுடையது, அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற தொண்ணூறைச் சுமக்கத் தேவையில்லை.

அந்தப் பத்து காசுக்குச் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான், ஆனால் மனம் நொந்திருக்கும்போது தெரிந்ததும் மறக்கும். கல்யாணம் ஆனதால் அவள் கேஸ் முடிந்துவிடவில்லை. 18 வயது ஆகும்வரை அவள் சட்டப்படி குழந்தைதான். 18 ஆகாத மனைவியுடன் உறவு கொள்வதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, அந்தத் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். அவளுக்கு 18 முடிந்து இரண்டு வருடம் வரை, அதாவது 20 வயதுவரை அந்த வழி திறந்திருக்கிறது. படிப்பைத் தொடர வைக்கவும் வழி உண்டு. அவளைப் போய்ப் பாருங்கள், ஆனால் தனியாகப் போக வேண்டாம். ஆற்றுப்படுத்துநரையோ இன்னொரு பணியாளரையோ கூட்டிக்கொண்டு போங்கள். "வரேன்னு சொன்னேன், வர முடியல. என்னை மன்னிச்சுக்கோ. இப்ப வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் தன்னிடம் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்திருக்கவே மாட்டாள்.

மருத்துவரிடம் போவது பற்றி. போங்கள். நாலு மாதம் தூக்கமில்லாமல் இருப்பது காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. சளி மாத்திரையை நிறுத்துங்கள். அது தருவது மயக்கம், ஓய்வுள்ள தூக்கம் அல்ல. கடையில் அடுத்ததாகத் தூக்க மாத்திரை கேட்கத் தோன்றும், அதை நீங்களாக ஆரம்பிக்கவே கூடாது, பழக்கமாகிவிடும். மருத்துவர் தரக்கூடிய மருந்துகள் வேறு வகை. தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களில் பதற்றமும் சோர்வும் குறையும், போதைபோலப் பழகாது. எல்லோருக்கும் மருந்து தேவைப்படும் என்றும் சொல்லமாட்டேன். பேச்சு சிகிச்சையில் இதற்கென்றே முறைகள் இருக்கின்றன, பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உங்கள் மாவட்டத்தில் கேஸ் விஷயமாகப் போய்ப் போய் எல்லோருக்கும் உங்களைத் தெரியும் என்றால், பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுங்கள். தூரம் ஒன்றும் அதிகமில்லை.

ஒப்பந்தம் பற்றிய பயத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்களுக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நேரங்கள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் உங்கள் அலுவலகத்திடம் பேசக் கூடாது. நீங்களும் அலுவலகத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. விடுப்புக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டால், அதில் என்ன எழுதுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலையில் காரணம் சொல்லாமலே ஒருவரை விட்டுவிட முடியும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களின் பிள்ளைகளைக் காக்கிறவர்கள், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லவே பயப்படும்படி வைத்திருப்பது அநியாயம். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதைப் படித்தால், சிகிச்சை எடுக்கிறார் என்ற காரணத்துக்காக யாருடைய ஒப்பந்தமும் நிற்காது என்று எழுத்தில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பைசா செலவில்லை.

அலுவலகத்தில் என்ன மாற வேண்டும் என்பது எனக்கு முக்கியம். காரணம், உங்களைத் தேற்றி அதே நிலைமைக்குத் திருப்பி அனுப்பினால் ஆறு மாதத்தில் மறுபடி எழுதுவீர்கள். யோகாப் பயிற்சி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு என்று ஒருநாள் கூட்டி வைத்து மதியம் பிரியாணி போட்டு அனுப்புவார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. கடினமான கேசுக்கு இரண்டு பேராகப் போக வேண்டும். ராத்திரிப் போனை முறை வைத்து எடுக்க வேண்டும். இன்று உங்கள் முறை இல்லை என்றால் போனை அணைத்துவிடலாம், அதற்காகத்தான் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துப் போக்சோ கேஸ் விழக் கூடாது. மாதம் ஒருமுறை, அலுவலகத்தைச் சேராத ஒரு மனநலப் பணியாளர் வந்து உங்களுடன் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் ஏற்பாடு செய்ய முடியும்.

அப்புறம், கடினமான கேஸ் முடிந்த அன்றைக்கே இருபது நிமிடம். இதில் ஒரு எச்சரிக்கை. நடந்ததை எல்லோரும் விவரமாகத் திருப்பிச் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒருமுறைக் கூட்டங்கள் ஒரு காலத்தில் உலகெங்கும் நடந்தன. பின்னால் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அவை பிற்கால மனநோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சிலருக்குக் கூடுதல் சிரமமும் ஆகியிருக்கிறது. அதனால் அந்த இருபது நிமிடத்தில் விவரம் பேச வேண்டாம். டீ குடிக்க வேண்டும். சாப்பிட்டாயா, வீட்டுக்கு எப்படிப் போகிறாய், நாளை இந்தக் குழந்தைக்காக அடுத்த வேலையை யார் செய்கிறார், உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகக் கேட்காதீர்கள். தனியாகக் கேட்டால் "இவங்களுக்கு முடியல" என்றாகும். உங்கள் அலகில் 2 மணிக்கு விழிப்பவர் நீங்கள் மட்டும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பக்கத்தில், நாலே நாலு கோரிக்கை எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு கூடியிருக்கிறது, அவருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். சட்டப்படி குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன்னால் ஆஜர்படுத்துகிறீர்கள். அந்த 24 மணி நேரமும் விழித்திருந்தவர் எப்போது தூங்கினார் என்று கோப்பில் எங்காவது ஒரு இடம் இருக்க வேண்டாமா?

வீட்டுக்குள் வேலையைக் கொண்டுபோகாமல் இருப்பதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போய்வந்தால், யாரையும் தொடாமல் நேரே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவோம். தீட்டு என்பதை விடுங்கள். அங்கே சுமந்தது அங்கேயே நிற்கட்டும், இனி நான் என் பிள்ளையின் அம்மா என்று உடம்புக்குத் தெரிவிக்கிற செய்கை அது. உங்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் துட்டி. பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னால் விட்டு இறங்கி நடங்கள். வாசலில் கால் கழுவுங்கள். அலுவலகத்துக்கென்று வைத்த சேலையையோ சுடிதாரையோ மாற்றிய பிறகு மகளைத் தூக்குங்கள். சின்ன விஷயம்தான், ஒரு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவு எடுக்காதீர்கள். தூக்கம் வராத காலத்தில் எடுக்கும் முடிவைத் தூக்கம் வந்த பிறகு மாற்ற முடியாது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் காலண்டரில் குறியுங்கள், அன்றைக்குக் கணவருடன் உட்கார்ந்து பேசலாம். நடுவில், உங்கள் அலகுக்குள்ளேயே வேறு பணி கேட்டுப் பாருங்கள். மிஷன் வத்சால்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெறும் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, வளர்ப்புப் பராமரிப்பு வேலை இவற்றில் பிள்ளை படிப்பதையும் வளர்வதையும் கண்ணால் பார்க்கலாம். ஆறு வருடம் மீட்டு மீட்டுக் கொடுத்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று பார்க்கும் இடத்தில் கொஞ்ச நாள் இருங்கள். மூன்று மாதம் கழித்தும் விடத் தோன்றினால் விடுங்கள். அது தோல்வி இல்லை. ஆறு வருடத்தில் உங்களால் ஒரு ராத்திரியாவது பயமில்லாமல் தூங்கிய பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

ஹோமில் அந்தப் பையனை அடுத்த முறை பார்க்கும்போது, அவன் உயரத்துக்குக் குனிந்து, "அன்னைக்கு அக்கா கத்திட்டேன், அது உன் தப்பு இல்ல" என்று சொல்லிவிடுங்கள். அவன் அழுததற்காக யாரோ கோபித்தது அதுதான் முதல் தடவையாக இருக்காது, அதனால் இதைச் சொல்வது அவசியம்.

கடைசியாக, பெரியப்பா வீடு. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். பெரியம்மா, பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்தத் தொடுதல் சரி, எது சரியில்லை, பிடிக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், இத்தனை பள்ளிகளில் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். கொஞ்ச நேரம் ஆனதும், பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிக் கடைவரை நடந்துவிட்டு வாருங்கள். வயிறு கலங்கும், திரும்பி ஓடத் தோன்றும். ஓடாமல், பத்து நிமிடம் கழித்தே திரும்புங்கள். அடுத்த வாரம் இருபது நிமிடம். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்